டிரக் கேம்பரில் குடும்பத்தோடு அலாஸ்காவிலிருந்து உஷுவாயா வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் வடகோடியில் டெட்ஹார்ஸ் என்றொரு எண்ணெய் வயல் முகாம் இருக்கிறது. அங்கிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா வரை, ஒரே ஒரு இடைவெளியையும் கடைசியில் ஒரு சிறு நீரிணையையும் தவிர, தரைவழியே போய்விடலாம். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தத் தடம் ஏறத்தாழ 30,000 கி.மீ. நீளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு டிரக் கேம்பரில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. பைக்கில் தனியாகப் போகிறவருக்கு இதில் பாதி உதவாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், இந்த இரண்டும்தான் இப்படிப்பட்ட பயணத்தை ஆக்கும் அல்லது கெடுக்கும். இரண்டையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள்.

டிரக் கேம்பர் என்பது என்ன? மோட்டார்ஹோம் வாங்கினால் ஆகாதா?

பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கிற சிறிய வீடு. நான்கு மூலைகளிலும் ஜாக் கால்கள் இருக்கும். அவற்றை இறக்கி ஊன்றிவிட்டு டிரக்கை முன்னால் நகர்த்தினால் வீடு தனியாக நிற்கும். மோட்டார்ஹோமில் எஞ்சின் பழுதானால் வீடும் பட்டறைக்குப் போய்விடும். குடும்பம் ஓட்டல் தேடவேண்டும். இங்கே வீட்டை இறக்கி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் அனுப்பலாம். கீழே இருப்பது சாதாரண டிரக் என்பதால் சின்ன ஊர் மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். மெக்சிகோவின் பழைய நகரங்களில் தெருக்கள் குறுகல், ஆண்டீஸ் மலைப்பாதைகளில் வளைவுகள் அதிகம். டிரெய்லர் இழுத்துக்கொண்டு அங்கே திரும்ப முடியாது.

மோட்டார்ஹோம் வாங்கி இதே தடத்தில் போய்வந்தவர்களும் உண்டு. கரடுமுரடான சாலையை விட்டுவிடச் சம்மதமென்றால் அதுவும் சரிதான்.

நான்கு பேருக்கு இடம் போதுமா?

படுக்கப் போதும். டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய படுக்கையில் இருவர், சாப்பாட்டு மேசையை மடக்கினால் வரும் படுக்கையில் ஒருவர், சில மாடல்களில் அதற்கு மேலே தொட்டில்பலகை போல ஒரு சின்னப் படுக்கை. உட்கார்ந்து நாள் முழுக்க இருக்கத்தான் போதாது. அதனால் வெளியே வாழ்க்கை நடக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவது வழக்கமாகிவிடும். மழை விடாமல் பெய்யும் மூன்றாவது நாள் எல்லோருக்கும் எரிச்சல் வரும். அன்றைக்கு ஒரு ஊரில் அறை எடுத்துத் தங்கிவிடுவது நல்லது.

கூரை கெட்டியாக நிற்பது ஒரு வகை, கூரையை மேலே தூக்கிக்கொள்ளும் பாப்-அப் இன்னொரு வகை. பாப்-அப் எடை குறைவு, ஓடும்போது காற்றில் அவ்வளவாக ஆடாது, தாழ்வான கிளைகளில் இடிக்காது. துணிச் சுவர் என்பதால் குளிர் உள்ளே வரும். இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் பாப்-அப் பக்கம்தான் சாய்வேன். மூன்று பிள்ளைகள் என்றால் கெட்டிக் கூரை.

எந்த டிரக் வாங்குவது?

எல்லோரும் முதலில் கேம்பரைப் பிடித்துப்போய் வாங்குகிறார்கள், பிறகு டிரக்கைத் தேடுகிறார்கள். எடைக் கணக்குப் போடாமல் இரண்டில் எதையுமே வாங்காதீர்கள்.

அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான பிக்கப் டிரக்குகளில் டிரைவர் கதவைத் திறந்தால் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண்ணை அதில் அச்சடித்திருப்பார்கள். விளம்பரத்தில் வருவது அந்த மாடலின் அதிகபட்ச எண். உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. ஸ்டிக்கரைத்தான் நம்பவேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒற்றைப் பின்சக்கரம் உள்ள, ‘ஒரு டன்’ என்று அழைக்கப்படும் கனரக வகை டிரக், ஸ்டிக்கரில் 3,800 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பரின் வெறும் எடை 2,400. தண்ணீர் 30 கேலன், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 250. இரண்டு கேஸ் சிலிண்டர் நிரப்பினால் 75. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் 500. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, கருவிப்பெட்டி, உபரி டயர், புத்தகம் எல்லாம் சிக்கனமாகப் பார்த்தாலும் 600. கூட்டினால் 3,825. வீட்டை விட்டுக் கிளம்புமுன்னே எல்லை தாண்டியாகிவிட்டது. கேம்பர் கம்பெனி சொல்லும் வெறும் எடையில் ஏசி, வெயில் மறைப்பு, சோலார் பலகை, கூடுதல் பேட்டரி போன்றவை பல நேரம் சேர்ந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடை மீறினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. ஐந்தாயிரம் கி.மீ. கழித்து ஒரு டயர் வெடிக்கும், அல்லது ஸ்பிரிங் பட்டை உடையும், அல்லது கேம்பரைப் பிணைத்திருக்கும் கொக்கி தகரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்னும் காற்றுப் பை போட்டால் வண்டி மட்டமாக நிற்கும். அதனால் தாங்கும் திறன் கூடாது. ஆக்சிலும் பிரேக்கும் டயரும் அதேதான்.

எல்லாம் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் தனித்தனியாக எடைச்சீட்டு தருவார்கள். கேம்பரின் பக்கவாட்டில் அதன் எடைமையத்தைக் காட்டும் குறி இருக்கும். ஏற்றியபின் அந்தக் குறி பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வரவேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். பிணைப்புக் கொக்கிகளைத் தொட்டித் தகரத்தில் மாட்டாமல் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டுகிற வகையாக வாங்குங்கள். செலவு கூடுதல்தான், கரடுமுரடுச் சாலைக்கு வேறு வழி கிடையாது.

பெட்ரோலா டீசலா?

இந்தத் தடத்துக்கு மட்டும் கேட்டால் பெட்ரோல். 2007-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த டீசல் டிரக்குகளில் புகை வடிகட்டி உண்டு. கந்தகம் மிகக் குறைந்த டீசல்தான் அதற்கு ஒத்துவரும். தடத்தில் எல்லா நாட்டிலும் எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை. புதிய வண்டிகளுக்கு யூரியா கரைசலும் ஊற்றவேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் உயரத்தில் மூச்சுத் திணறும், மெதுவாக ஏறும். மெதுவாக ஏறினால் குறைவொன்றும் இல்லை.

ஓடும்போது பிள்ளைகள் பின்னால் கேம்பரில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சிலவற்றில் தடை. சட்டம் எப்படியிருந்தாலும் கேம்பருக்குள் மோதலைத் தாங்குகிற இருக்கையோ பெல்ட்டோ இல்லை. நான்கு கதவுள்ள டிரக் வாங்குங்கள், பின் இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். இதில் பேரம் வேண்டாம்.

கேம்பருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் கசிவு அலாரம், தீயணைப்பான் மூன்றும் இருக்கவேண்டும். கூரை ஜன்னல் வழியாக வெளியேறுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள்.

எவ்வளவு காலம் வேண்டும்? எந்த மாதத்தில் கிளம்புவது?

ஆறு மாதத்தில் முடித்தவர்கள் உண்டு. பிள்ளைகளோடு ஒன்றரை வருடம் என்பதே என் பரிந்துரை. பருவங்களும் அதற்குத்தான் ஒத்துழைக்கின்றன.

ஜூலையில் அலாஸ்கா. அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாகக் கனடாவைக் கடந்து, இலையுதிர்காலத்தில் அமெரிக்க மேற்குப் பகுதி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மெக்சிகோ. கோடை மழை முடிந்து வறண்டிருக்கும், பார்க்கவும் நிறைய இருக்கிறது. மிச்சோவாகான் மலைக்காட்டில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் நவம்பரில் வந்து மார்ச் வரை இருக்கும். பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் சான் இக்னாசியோ காயலுக்குச் சாம்பல் திமிங்கிலங்கள் ஜனவரியில் குட்டிபோட வரும். அவை கோடையைக் கழிப்பது அலாஸ்காவுக்கு அப்பால் இருக்கும் கடல்களில். உங்கள் பிள்ளைகள் தரைவழியே வந்த அதே தூரத்தை அவை கடல்வழியே நீந்தி வந்திருக்கும். இதைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண் விரியும். பாஹாவை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

மார்ச், ஏப்ரலில் மத்திய அமெரிக்கா, மே மாதம் கனமழை தொடங்குமுன் பனாமா. மே முதல் செப்டம்பர் வரை கொலம்பியா, எக்வடார், பெரு. பெருவின் மலைப்பகுதிக்கு இதுதான் உலர்ந்த காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழையில் மண்சரிவு வரும். அக்டோபரில் பொலிவியா, டிசம்பர், ஜனவரியில் கண்டத்தின் தென்முனைப் பகுதியான படகோனியா. அங்கே அப்போதுதான் கோடை.

ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ.?

150, அதிகம் போனால் 200. மூன்று நாள் ஓட்டினால் மூன்று நாளாவது நிறுத்துங்கள். கூகுள் வரைபடம் மூன்று மணி நேரம் என்று சொல்லும் மலைச்சாலை கேம்பருக்கு ஐந்து மணி நேரம். மெக்சிகோவில் ஊர் நுழைவு, ஊர் முடிவு, பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றிலும் உயரமான வேகத்தடைகள் இருக்கும், பலவற்றுக்கு வண்ணமும் பலகையும் இருக்காது. வேகமாக ஏறினால் கேம்பருக்குள் அலமாரி திறந்து எண்ணெய் பாட்டில் தரையில் கிடக்கும்.

இருட்டியபின் ஓட்டவே கூடாது. மாடு, கழுதை, பள்ளம், விளக்கில்லாத வண்டி எல்லாம் இரவில்தான் எதிரே வரும். மூன்று மணிக்குள் நிறுத்துமிடத்தை அடைந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், முதல் இடம் சரிப்படாவிட்டாலும் இரண்டாவதைத் தேட வெளிச்சம் இருக்கும்.

டெட்ஹார்ஸுக்குப் போகும் டால்டன் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம், கோடையில். 1974-ல் எண்ணெய்க் குழாய் அமைப்பதற்காகப் போட்ட சாலை, 666 கி.மீ., பெரும்பகுதி சரளை. வழியில் இருக்கும் கோல்ட்ஃபுட் என்ற இடத்திலிருந்து டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் பங்க், கடை, பட்டறை எதுவும் இல்லை. லாரி வந்தால் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் கல் விழும். கடைசியில் ஆர்க்டிக் கடல்வரை உங்கள் வண்டியில் போகமுடியாது. எண்ணெய் வயல் தனியார் நிலம் என்பதால் முன்பதிவு செய்த சுற்றுலா வண்டியில்தான் விடுவார்கள்.

மனம் ஒப்பாவிட்டால் 115-ஆவது மைலில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை வரை போய்த் திரும்புங்கள். டெட்ஹார்ஸைத் தொடாவிட்டால் பயணம் முழுமையில்லை என்று பிள்ளைகள் நினைப்பதில்லை, பெரியவர்கள்தான் நினைக்கிறோம்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம். விசா கிடைக்குமா?

செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். தெற்கே பல நாடுகளிலும் இதே போன்ற சலுகை உண்டு, ஆனால் நிபந்தனை நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. ஒவ்வொரு நாட்டின் தூதரகப் பக்கத்தையும் எல்லைக்கு இரண்டு மாதம் முன்பு ஒருமுறை, இரண்டு வாரம் முன்பு ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள், பெற்றோர் இந்தியக் குடிமக்கள் என்றால் இரண்டு பட்டியல் தனித்தனியாகப் போடவேண்டும்.

விசாவைவிடப் பெரிய சிக்கல் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவது. எச்-1பி என்ற வேலை விசாவின் தகுதி வேலையில் இருக்கும்வரைதான். வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் சுற்றினால் அந்தத் தகுதியில் திரும்பப் புதிதாக ஒரு நிறுவனம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். ஒரு வருடம் தாண்டுமென்றால், கிளம்புமுன் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள். குடியுரிமை வாங்கியபிறகு போவதுதான் நிம்மதி என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கடைசிப் பெயர். எல்லையில் பிரச்சினை வருமா?

கேள்வி வரும். அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர், பிள்ளைகளின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர். நமக்கு இயல்பாக இருப்பது லத்தீன் அமெரிக்க அதிகாரிக்குப் புரியாது. அங்கே பிள்ளையின் பெயரில் அப்பாவின் குடும்பப் பெயர், அம்மாவின் குடும்பப் பெயர் இரண்டும் இருக்கும். நான்கு பாஸ்போர்ட்டில் எதுவும் பொருந்தவில்லையென்றால், இவர்கள் உண்மையிலேயே பெற்றோர்தானா என்று பார்ப்பது அவருடைய கடமை. பிள்ளைக் கடத்தலைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் அப்போஸ்டில் எனப்படும், வெளிநாட்டில் ஏற்கப்படும் அரசு முத்திரை வாங்கி, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்போடு பல பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை தாண்ட நேர்ந்தால் மற்றவரின் நோட்டரி ஒப்புதல் கடிதம் வேண்டும். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஒருவர் அவசரமாக விமானம் ஏறவேண்டி வரலாம். அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் அந்தக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.

வண்டிக்கு என்ன காகிதம் வேண்டும்?

ஒவ்வொரு நாட்டிலும் தற்காலிக இறக்குமதி அனுமதி. பெரும்பாலான நாடுகளில் 90 நாள், அர்ஜென்டினாவில் எட்டு மாதம், உருகுவேயில் ஒரு வருடம். மெக்சிகோவில் சாதாரண வண்டிக்கு 180 நாள் வரைதான். வீட்டு வண்டி என்று பதிவானால் பத்து வருடம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை இருப்பதை அதிகாரிக்குக் காட்டிக் கேளுங்கள். பாஹாவுக்குள் மட்டும் சுற்றுவதாக இருந்தால் இந்த அனுமதியே தேவையில்லை, படகேறி மறுகரைக்குப் போகுமுன் வாங்கினால் போதும்.

வண்டி ஓட்டுபவர் பெயரில், கடன் இல்லாமல் இருக்கட்டும். நாட்டை விட்டு வெளியேறும்போது அனுமதியை ரத்து செய்ய மறக்காதீர்கள். குவாதமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்குக்கும் சேர்த்து ஆட்களுக்குப் பொதுவாக 90 நாள்தான் கணக்கு. நிகரகுவாவுக்குள் டிரோன் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்க இன்சூரன்ஸ் மெக்சிகோ எல்லையோடு முடிகிறது. அதற்குப்பின் நாட்டுக்கு நாடு புதிதாக வாங்கவேண்டும்.

டேரியன் இடைவெளியை எப்படிக் கடப்பது?

ஓட்டிக் கடக்க முடியாது. பனாமாவில் யவீசா என்ற ஊரில் சாலை முடிகிறது. அங்கிருந்து கொலம்பியா வரை சுமார் 100 கி.மீ. தூரத்துக்குச் சதுப்பும் காடும்தான். சாலை போடும் பேச்சு பல பத்தாண்டுகளாக இருந்தும் நடக்கவில்லை. தென் அமெரிக்க மாடுகளின் கோமாரி நோய் வடக்கே பரவிவிடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். அங்கே வாழும் எம்பெரா, குணா மக்களின் நிலமும், 1981-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தேசியப் பூங்காவும் இன்னொரு காரணம். அந்தக் காடு அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

வண்டி கப்பலில் போகும், குடும்பம் விமானத்தில் போகும். வழக்கமான வழி பனாமாவின் கொலோனிலிருந்து கொலம்பியாவின் கார்த்தகேனா. வண்டி கன்டெய்னருக்குள் நுழையுமானால் அதுதான் பாதுகாப்பு. பூட்டுப் போட்டு சாவியை நீங்களே வைத்துக்கொள்ளலாம், வேறொரு பயணியோடு செலவையும் பகிரலாம். உயரமான கன்டெய்னரின் கதவு சுமார் 2.58 மீட்டர். கூரை மடங்கிய பாப்-அப் சில டிரக்குகளில் இதற்குள் அடங்கும், கெட்டிக் கூரை அடங்காது. கேம்பர் வாங்கும்போதே இந்த அளவை மனதில் வைத்து அளந்து பாருங்கள்.

அடங்காதவர்களுக்கு இரண்டு வழி. பக்கச்சுவர் இல்லாத தட்டையான கன்டெய்னர் பலகையில் கட்டி அனுப்பலாம், அல்லது வண்டியை ஓட்டி உள்ளே நிறுத்தும் ரோரோ கப்பலில் அனுப்பலாம். ரோரோவில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே இருக்கும் பொருள் திருடுபோவது நடக்கிறது. டிரைவர் கேபினுக்கும் கேம்பருக்கும் நடுவே இருக்கும் ஜன்னலைப் பலகை வைத்து அடையுங்கள், கேமரா, லேப்டாப், நகை எல்லாம் கைப்பையில் விமானத்தில் வரட்டும்.

அனுப்புமுன் பனாமா போலீஸ் சோதனை உண்டு. சேசிஸ் எண் காகிதத்தில் இருப்பதோடு ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. கார்த்தகேனாவில் துறைமுகத்துக்கு ஒரு முறைக்கு நாலு முறை நடக்கவேண்டும், கப்பல் தேதியும் தள்ளும். இரண்டு வாரம் வண்டி இல்லாமல் இருக்கத் தயாராகக் கிளம்புங்கள். பெற்றோரில் ஒருவர் துறைமுக வேலையைப் பார்க்க, இன்னொருவர் பிள்ளைகளோடு பழைய கோட்டை மதில்மேல் நடக்கலாம். வாடகைக்கு எடுக்கும் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நம் சமையல் நடக்குமா?

நன்றாக நடக்கும். இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சந்தைகள்தான். மிளகாய், தக்காளி, உருளை, வேர்க்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா, சீதாப்பழம் எல்லாம் இந்தக் கண்டங்களிலிருந்துதான் நம் ஊருக்கு வந்தன. மெக்சிகோ சந்தையில் சப்போட்டாவையும், ஆண்டீஸில் ஊதா, மஞ்சள், கறுப்பு என்று குவித்து வைத்திருக்கும் உருளைக்கிழங்கையும் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் வராத வரலாறு.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. மெக்சிகோவில் புளி தாராளமாகக் கிடைக்கும், புளிப்பானகமாகவே கரைத்து விற்பார்கள். பனாமாவில் குவாண்டு என்று கேட்டால் துவரை வரும். தேங்காய்ப் பாலில் சோற்றோடு வேகவைத்து அங்கே பண்டிகைக்குச் சமைப்பார்கள். வாழைக்காய், தேங்காய், அரிசி, மசூர் போன்ற பருப்பு வழி நெடுக இருக்கிறது. உளுந்தும் பெருங்காயமும் எதிர்பார்க்காதீர்கள். பெருங்காயம், சாம்பார் பொடி, ரசப் பொடி மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டால் மற்றதை ஊர்கள் தந்துவிடும்.

பிரஷர் குக்கரை மட்டும் எடையைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொலிவியாவின் உயூனியில் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும், கேஸ்தான் தீரும். குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

உயரத்தில் பிள்ளைகளுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளுமா?

மெதுவாக ஏறினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவில் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வெடுங்கள். லிமாவிலிருந்து ஒரே நாளில் 4,818 மீட்டர் டிக்லியோ கணவாயை ஏறிவிட முடியும் என்பதற்காக ஏறக்கூடாது. சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பது, காரணமில்லாமல் சிணுங்குவது, வாந்தி, இவைதான் அடையாளம். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் கீழே இறங்குங்கள். இதய, நுரையீரல் கோளாறு இருக்கும் பிள்ளையென்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பகுதிக்குப் போகவேண்டாம்.

கேம்பரும் திணறும். கேஸில் ஓடும் பிரிட்ஜும் ஹீட்டரும் உயரத்தில் அணைந்து அணைந்து போகும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் பிரிட்ஜ் வாங்குவது நல்லது.

தண்ணீர், கழிப்பறை, கேஸ்?

குழாய்த் தண்ணீரை நேரே குடிக்காதீர்கள், வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பெட்டி போலக் கழற்றி எடுக்கும் கேசட் வகை சிறந்தது. மெக்சிகோவுக்குத் தெற்கே கழிவைக் கொட்டும் நிலையங்கள் அரிது, கேசட்டை எந்தக் கழிப்பறையிலும் கவிழ்க்கலாம். கேஸ் சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு வேறு. இணைப்பிகள் வாங்கி வையுங்கள். சில இடங்களில் வெளிநாட்டு சிலிண்டரை நிரப்ப மறுப்பார்கள்.

இரவு எங்கே தங்குவது? பயமில்லையா?

பயணிகள் தாங்கள் தங்கிய இடங்களைப் பதிந்துவைக்கும் ஐஓவர்லேண்டர் செயலிதான் எல்லோருக்கும் வழிகாட்டி. லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்க், தேசியப் பூங்கா, பண்ணை வீடு, ஊர்ச் சதுக்கம், சில நாடுகளில் தீயணைப்பு நிலைய வளாகம் என்று இடம் கிடைக்கும். பிள்ளைகளைப் பார்த்தால் ஆட்கள் கனிவாகிவிடுவார்கள், இதைப் போகும் வழியெல்லாம் பார்ப்பீர்கள்.

நல்ல மனிதர்கள் இருப்பதால் எச்சரிக்கை தேவையில்லை என்று ஆகாது. பக்கத்தில் இருப்பவரிடம் இங்கே தங்கலாமா என்று கேளுங்கள், அவர் முகம் சுளித்தால் கிளம்புங்கள். வண்டியின் முகம் வெளிவாசலைப் பார்த்து நிற்கட்டும். பெரிய நகரங்களில் தெருவில் நிறுத்தி விட்டுப் போகாதீர்கள், காவலுள்ள நிறுத்துமிடத்துக்குக் காசு கொடுங்கள்.

பள்ளிக்கூடம்? தமிழ்?

வீட்டுக்கல்விச் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் மிக எளிது, நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் அறிக்கை, மதிப்பீடு எல்லாம் உண்டு. உங்கள் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் கணக்கும் வாசிப்பும், அதற்குமேல் வற்புறுத்தல் வேண்டாம்.

தமிழுக்கு இதைவிட நல்ல காலம் அமையாது. அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்கக் கூடவே இருக்கிறார்கள், வண்டிக்குள் வேறு மொழி பேச ஆளில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அந்தந்த ஊரின் அஞ்சல் முத்திரையோடு தபாலில் போகட்டும்.

தடுப்பூசிகள்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும். எல்லைக்குப் பத்து நாள் முன்பாவது போட்டு மஞ்சள் அட்டை வாங்கவேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஆகியவற்றை மருத்துவரோடு பேசுங்கள். தெருநாய்கள் நிறைய, பிள்ளைகள் கொஞ்சப் போவார்கள்.

படகோனியாவில் எதைக் கவனிக்கவேண்டும்?

காற்று. கதவைத் திறக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளாவிட்டால் கீல் முறிந்துவிடும். வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள், இரண்டு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். பலத்த காற்றில் பாப்-அப் கூரையைத் தூக்காமல் படுங்கள்.

இன்னொன்று சிலியின் எல்லைச் சோதனை. பழம், காய், இறைச்சி, தேன், விதை போன்றவற்றை உள்ளே விடமாட்டார்கள். படிவத்தில் இருக்கிறது என்று எழுதிக் காட்டினால் தடையுள்ளதை எடுத்துக்கொள்வதோடு சரி, மறைத்தால் அபராதம். முழுப் பயறையும் கடுகையும்கூட எழுதிக் காட்டுங்கள். உஷுவாயா அர்ஜென்டினாவில் இருந்தாலும் தரைவழியே போகச் சிலிக்குள் நுழைந்து, மகெல்லன் நீரிணையைப் படகில் கடந்து, மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வரவேண்டும். அதனால் எல்லைக்கு முந்தின நாள் இருக்கிற காயெல்லாம் சாம்பாரில் போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆளுக்கு ஆள் மாறும். பெரியவை மூன்று: எரிபொருள், டேரியனைக் கடக்கும் கப்பல், திரும்பி வருவது. நேர்த்தடம் 30,000 கி.மீ. என்றாலும் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் 50,000 ஆகிவிடும். ஏற்றிய டிரக் 100 கி.மீ.க்கு 18 லிட்டர் குடித்தால் மொத்தம் 9,000 லிட்டர். உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். மெதுவாகப் போனால் மாதச் செலவு குறையும். இதைவிடப் பெரிய சிக்கனம் எதுவும் இல்லை.

தாத்தா பாட்டி நடுவில் வந்து சேர்ந்துகொள்ளலாமா?

கட்டாயம் வரச் சொல்லுங்கள். கேம்பரில் தங்கவைக்க வேண்டாம், ஒரே ஊரில் ஒரு மாதம் வீடு எடுங்கள். உயரம் முக்கியம்: பெருவின் குஸ்கோவும் பொலிவியாவின் லா பாஸும் முதியவர்களுக்குக் கடினம். மெக்சிகோவின் ஓஹாகா, கொலம்பியாவின் மெதயின் இரண்டும் சுமார் 1,500 மீட்டர் உயரம், இதமான வானிலை. அமெரிக்க வருகை விசா கையில் இருந்தால் மெக்சிகோ சுலபம்.

உஷுவாயா போய்ச் சேர்ந்தபின் வண்டியை என்ன செய்வது?

சாலை உஷுவாயாவில் முடியாது. இன்னும் கொஞ்சம் தள்ளி, லாபதாயா விரிகுடாவில் மூன்றாம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் அலாஸ்கா 17,848 கி.மீ. என்று எழுதிய பலகை நிற்கிறது, நீங்கள் ஓட்டி வந்த தூரம் அதைவிட மிக அதிகம். அங்கே படம் எடுத்துக்கொண்டபின் வடக்கே உருகுவே வரை திரும்ப ஓட்டவேண்டும். மான்டிவிடியோவிலிருந்து ரோரோ கப்பலில் அனுப்பலாம். அர்ஜென்டினாவில் வெளிநாட்டு வண்டியை விற்க முடியாது. பள்ளி தொடங்கிவிட்டது, மனமில்லை என்றால் உருகுவேயில் ஒரு வருடம் வரை வண்டியைப் பண்ணையிலோ கொட்டகையிலோ விட்டுவிட்டு விமானத்தில் வீடு திரும்பி, அடுத்த விடுமுறைக்குப் பிரேசில் பக்கம் தொடரலாம். விடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தண்ணீர்த் தொட்டியை முழுக்க வடியவிடுங்கள், டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அரிசி பருப்பு ஒன்றையும் உள்ளே விடாதீர்கள், எலி வரும்.